நிறுத்தும் பாடம்

எந்த மெஷினைப் பார்த்தாலும் டீச்சர் முதலில் கேட்பது ஒன்றுதான். "இத எப்படி நிறுத்துறது?"

என்ன விலை, எந்த ஊரில் வாங்கியது, எவ்வளவு நேரத்தில் அரைக்கும் என்று மற்றவர்கள் கேட்பதை அவர் கேட்க மாட்டார். ஒரு கல்யாண வீட்டில் புதிதாக வாங்கிய கிரைண்டரைச் சுற்றி நின்று பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், சுவிட்ச் அடுத்த அறையில் இருப்பதைக் கண்டுபிடித்து, கல்யாண வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். மாவு அரைபடும் இடத்துக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கலாமா என்பது கேள்வி. பெண்ணுக்கு அப்பாவான அந்த மனிதர், முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டதால், இருக்கவே கூடாது என்று ஒப்புக்கொண்டு மணவறைக்கு ஓடினார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தேன். நாங்கள் மூன்று பேர். ஐந்தாம் வகுப்பு எனக்கு. ஒன்றும் இரண்டும் ஒரு வாத்தியாருக்கு. அவர் முக்கால்வாசி நாள் விடுப்பில் இருப்பார், மீதி நாள் விடுப்பு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார். மூன்றும் நாலும் இந்த டீச்சருக்கு. ஊரில் எல்லோரும் இவரை நாலாம் வகுப்பு டீச்சர் என்றே சொன்னார்கள். பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதும் நினைவிருக்கிறது.

ஒல்லியான ஆள். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு பிள்ளை எவ்வளவு சேட்டை செய்தாலும் பக்கத்தில் போய் நிற்பார், அவ்வளவுதான். என் வகுப்பில் நான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கும்போது இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்த தட்டிக்கு அந்தப் பக்கம் நிலவும் அமைதி எனக்குப் பல நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது.

ஒருமுறை மாரியம்மன் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். ராட்டினக்காரனிடம் தன் கேள்வியைக் கேட்டார். அவன் வாயிலிருந்து பீடியை எடுக்காமல், "அதுவா நின்னுடும்மா" என்றான். முப்பது பிள்ளைகளையும் அப்படியே வரிசையிலிருந்து திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளைகள் அழுதன. அடுத்த ராட்டினக்காரன் கொஞ்சம் விவரமானவன், ஒரு பலகையைக் காலால் மிதித்து நிறுத்திக் காட்டினான். அதுவும் போதவில்லை. ஆளில்லாமல் இரண்டு முறை சுற்றவிட்டு நிறுத்தச் சொன்னார். மூன்றாவது முறை என்னை ஏறச் சொன்னார். நான் தலைமையாசிரியர். இருந்தாலும் ஏறினேன். ராட்டினம் நின்றது, அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் ஏறின.

பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு பெரிய மனிதர் ஒன்றரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். டீச்சர் என் பக்கம் சாய்ந்து, "சார், இவர எப்படி நிறுத்துறது?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் எதையும் கிண்டலாகக் கேட்டதில்லை.

"மாலை போட்டா நிறுத்திடுவாரு" என்றேன்.

"அத மொதல்லயே சொல்ல வேணாமா சார்?" என்று என்னைக் கடிந்துகொண்டு, மாலையை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

இப்படிப்பட்டவர் இருந்த பள்ளிக்கு அரசாங்கம் ஒரு மெஷினையும் அனுப்பியது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த கறுப்புப் பெட்டி. கூடவே பாடங்கள் பதிந்த கேசட்டுகள். நவீனக் கருவிகளைக் கையாளும் திறனை இளம் வயதிலேயே பிள்ளைகளுக்கு வளர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தது. அதே தாளின் அடியில், கருவிக்குச் சேதம் வந்தால் தலைமையாசிரியரே பொறுப்பு என்றும் எழுதியிருந்தது. நான் அடியிலிருந்து படிக்கும் பழக்கம் உள்ளவன். பெட்டியைக் குடியாத்தம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, என் மனைவியின் பழைய புடவையில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

டீச்சர் திங்கட்கிழமைதோறும் வந்து கேட்பார்.

"சார், அந்தப் பெட்டிய குடுங்க."

"பசங்க உடைச்சிடுவாங்க டீச்சர்."

"சரிங்க சார்" என்று போய்விடுவார். அடுத்த திங்கட்கிழமை வருவார். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. தணிக்கைக்கு ஆள் வருகிறார் என்று ஒரு நாள் பீரோவைத் திறந்து, புடவையை அவிழ்த்து, கேசட் போடும் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு கரப்பான்பூச்சி குடும்பம் வெளியே வந்தது. டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லிப் பெட்டியைத் திரும்பப் பூட்டியிருப்பேன். நானே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

பெட்டி நாலாம் வகுப்புக்குப் போன முதல் வாரம் எந்தச் சத்தமும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பெட்டியில் பேட்டரியே போடவில்லை. பிள்ளைகள் வரிசையாக வந்து, ஒரு பட்டனை அழுத்திவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தன. நிறுத்தும் பட்டன்.

"இன்னும் போடவே இல்லையே டீச்சர், அதுக்குள்ள இன்னாத்த நிறுத்தறாங்க?"

"போடறது யாருக்கும் சொல்லித் தர வேணாம் சார். அது தானா வந்துடும்."

இரண்டாவது வாரம் பேட்டரி போட்டார். அப்போதிலிருந்து எனக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை, வகுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். வகுப்பில் எந்த மூலையிலிருந்தாவது, எந்த நேரத்திலாவது, ஒரு பிள்ளை 'ஆ' என்று அலறும். அலறல் கேட்டதும் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை பட்டனை அழுத்திவிட வேண்டும். யார், ஏன், என்ன என்று கேட்கக் கூடாது. திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. முதலில் நிறுத்து, பிறகு கேள். இதுதான் விதி. யார் அலறப் போகிறார்கள் என்று டீச்சர் கண்ணால் மட்டும் ஜாடை காட்டுவார். தங்கள் வாழ்நாளில் முதல்முறையாக, அலறச் சொல்லித்தரும் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்த பிள்ளைகள் உயிரைக் கொடுத்து அலறின. ஒன்றாம் வகுப்பு வாத்தியார் தலைவலி என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். அந்த ஒரு விடுப்புக்கு மட்டும் நான் மனதாரக் கையெழுத்துப் போட்டேன்.

பிள்ளைகள் மற்றதையும் கற்றுக்கொண்டன, இல்லையென்று சொல்ல மாட்டேன். அரையாண்டுத் தேர்வுக்குள் கேசட்டைப் பென்சிலால் சுற்றுவது, சிக்கிய நாடாவை அறுக்காமல் எடுப்பது, தீர்ந்துபோன பேட்டரியை வெயிலில் காயவைத்து இன்னொரு நாள் ஓட்டுவது, தங்கள் குரலைப் பதிவது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. ஆனால் பெட்டியை ஓட்டும் உரிமை, நிறுத்தத் தெரிந்ததாக டீச்சரிடம் தேறிய பிள்ளைக்கு மட்டும்தான். பத்துக்குப் பத்து முறை. ஒன்பது என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

வித்தை கைக்கு வந்த பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஊருக்குள் கிளம்பிவிட்டன. டீக்கடைக்காரர் வந்தார். "சார், உங்க பசங்க நாலு பேரு வந்து, ரேடியோவ எப்படி நிறுத்தறதுன்னு கேட்டாங்க. காட்டினேன். நாலு பேரும் ஆளுக்கொரு தபா நிறுத்திட்டுப் போறாங்க. நியூஸ் போயிக்கினு இருக்குது சார்!" மாவு மில்காரர் அதைவிடக் கோபமாக வந்தார். மில்லை எப்படி நிறுத்துவது என்று பிள்ளைகள் கேட்டிருக்கின்றன. இத்தனை வருஷமாகக் கோலால் பெல்ட்டைத் தள்ளிவிட்டுத்தான் நிறுத்துகிறார் என்பது நாலு பேருக்கு முன்னால் தெரிந்துபோய்விட்டது. "பேஜார் பண்றாங்க சார்" என்றார். நான் டீச்சரிடம் சொன்னேன். அவர் மில்காரரைப் பார்த்து, "சுவிட்ச் வைக்க எத்தன நாளாகும்?" என்று கேட்டார்.

பிறகு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். உங்கள் அப்பா, அம்மா வேலை செய்யும் இடத்தில் உள்ள மெஷினை எப்படி நிறுத்துவது? கேட்டு எழுதி வரவும். அந்த நோட்டுகளை நான் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தார்கள். 'தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது' என்று ஒன்று. 'மேஸ்திரிக்குத் தெரியும். மேஸ்திரி சாப்பிடப் போய்விட்டால் தெரியாது' என்று ஒன்று. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை ஒன்று, 'மெஷின் கிடையாது. அம்மா கைதான். நிறுத்தினால் ஆயா திட்டும்' என்று எழுதியிருந்தது. நான் சிரித்துக்கொண்டே படித்தேன். டீச்சர் எல்லா நோட்டுகளையும் வாங்கி அடுக்கி, திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு நோட்டில்தான் சரியான பதில் இருந்தது. கோட்டீஸ்வரி என்று நாலாம் வகுப்புப் பெண். அவள் அப்பா ஏழுமலை, தோலுக்குச் சாயம் ஏற்றும் பெரிய மர டிரம்களில் வேலை செய்பவர். முதலில் அவருக்கும் தெரியவில்லை. மகள் மூன்று நாள் விடாமல் நச்சரித்ததால் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வந்து சொல்லியிருக்கிறார். 'வாசல் பக்கச் சுவரில் உப்பு மூட்டைக்கு மேலே பெரிய கைப்பிடி. கீழே இழுத்தால் எல்லாம் நிற்கும்.' டீச்சர் அதற்கு மட்டும் 'மிக நன்று' போட்டிருந்தார்.

மதிய இடைவேளையில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது கோட்டீஸ்வரியின் வேலை. ஒரு நாள் அவள் டேனரி வாசலில் கால் வைத்த நேரம், உள்ளே ஒரு ஆள் தலையில் கை வைத்துக்கொண்டு பயங்கரமாக அலறினார். அவருக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு ஆண் குழந்தை பிறந்திருந்தது. தம்பி வந்து சொன்னதும், அத்தனை டிரம் ஓடும் சத்தத்தையும் மீறி அந்த மனுஷன் கத்திய கத்தல் அது.

கோட்டீஸ்வரி யார், ஏன், என்ன என்று கேட்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. தூக்கைக் கீழே வைத்தாள். உப்பு மூட்டைமேல் ஏறினாள். கைப்பிடியில் தொங்கினாள்.

மொத்த ஷெட்டும் நின்றது. அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பதறிப்போன யாரோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திரும்ப ஓட்டப் போய், ஃபியூஸ் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் ஆம்பூருக்குப் போயிருந்தார். இரண்டு மணி நேரம் டிரம்கள் அசையவில்லை. சாயத் தண்ணீரில் அசையாமல் கிடந்த தோல் முழுவதும் திட்டுத் திட்டாகிவிட்டது. சாயந்திரம் ஏழுமலையை, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை பள்ளி திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றார். கூடவே கோட்டீஸ்வரி. முகம் வீங்கியிருந்தது.

"சார், எனக்கு வேற வேலை தெரியாது" என்றார் ஏழுமலை. "நீங்க ஒரு வார்த்த சொன்னா எடுத்துக்குவாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் விழுந்துவிட்டது. அலறல் பாடம் வேண்டாம் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீச்சர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் கோட்டீஸ்வரியிடம் குனிந்து, "எவ்ளோ நேரத்துல நிறுத்தின?" என்று கேட்டார்.

"உடனே டீச்சர்" என்றாள் அவள், அழுதுகொண்டே.

மதியம் நானும் டீச்சரும் டேனரிக்குப் போனோம். ஆபீஸ் அறையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் புதியவர். கதவோரம் காதர் பாய் நின்றுகொண்டிருந்தார். அங்கே மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர், தாடியெல்லாம் நரைத்தவர். எந்த மெஷின் நின்றது, எதில் என்ன சேதம் என்று சொல்வதற்காக அவரை வரவழைத்திருந்தார்கள்.

"பசங்க சார், தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார் டீச்சர்.

மேனேஜர் அவரைப் பார்த்தார். "அவன் சந்தோஷத்துல கத்தினாம்மா. புள்ள பொறந்திருக்குது. இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு நிறுத்தியிருக்கலாம் இல்ல?"

"கேக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேங்க."

"ஏன்?"

டீச்சர், வருகைப் பதிவேடு வாசிக்கும் அதே குரலில் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு ஆத்தோரம் இருந்த பழைய தோல் ஷாப்ல, தோல்ல சதை சீவற மெஷின்ல வேலை செஞ்சாரு. இப்ப அந்த ஷாப் இல்ல. தோலோட சேத்து கைய இழுத்துக்கிச்சு. கத்தினாரு. சுத்திப் பன்னண்டு பேரு இருந்தாங்க. நல்லவங்கதான். எல்லாரும் ஓடி வந்தாங்க. ஓடி வந்து, 'இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு'ன்னு அவரையே கேட்டாங்க. நிறுத்துறது எங்கன்னு யாருக்கும் தெரியல. முழங்கை வரைக்கும் போய்டுச்சு. மூணு நாள் கழிச்சு வேலூர் ஆஸ்பத்திரில செத்துட்டாரு."

ஆறு வருஷம் அவரோடு வேலை பார்த்தவன் நான். அவருடைய பணிப் பதிவேடு என் பீரோவில்தான் இருந்தது. அதில் 'கணவரை இழந்தவர்' என்று ஒரு வரி இருந்ததைப் படித்திருக்கிறேன். எப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கதவுப் பக்கம் திரும்பினேன். காதர் பாயைக் காணவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருத்தமா இருக்குதும்மா. ஆனா தினம் ஒரு கொழந்த வந்து ஷெட்ட நிறுத்தினா நான் மொதலாளிக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார். கடைசியில், இனி இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர மாட்டோம் என்று பள்ளியிலிருந்து எழுதிக் கொடுத்தால் ஏழுமலையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

நான் அங்கேயே எழுதினேன். எழுதுவது எனக்குக் கைவந்த கலை. டீச்சர் அதை வாங்கி, இரண்டு முறை படித்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். ஏழுமலை அடுத்த நாளே வேலைக்குப் போனார். டீச்சர் பெட்டியைத் துடைத்து, கேசட்டுகளை எண்ணி, என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் பழையபடி அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைத்தான் நான் மாதக்கணக்காக விரும்பிக்கொண்டிருந்தேன். இப்போது அது வந்ததும் என்னால் பாடம் நடத்த முடியவில்லை. பாதிக் கணக்கில் நின்று காது கொடுத்துக் கேட்பேன். ஒரு பிள்ளையும் அலறவில்லை. டீச்சர் என்னிடம் கோபமாக இருந்தாரா என்று தெரியவில்லை. காலையில் வணக்கம் சொல்வார், மாலையில் போய் வருகிறேன் என்று சொல்வார். திங்கட்கிழமை வந்தது. பெட்டியைக் கேட்க அவர் வரவில்லை.

எங்கள் பக்கம் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி வாசலில் ஆறேழு ஆண்கள் வந்து நின்றார்கள். முன்னால் ஏழுமலை. பின்னால், தொழுகைக்குப் போகிற சலவைச் சட்டையில் காதர் பாய். ஆண் குழந்தை பெற்ற ஆளும் ஒரு பை சாக்லேட்டோடு வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"இன்னா ஏழுமல? வேல குடுத்துட்டாங்க இல்ல?"

"குடுத்துட்டாங்க சார்." அவர் தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு ஷெட்ல டிரம் ஓட்டறவங்க நாப்பது பேரு இருந்தோம் சார். அந்தக் கைப்பிடி எதுக்குன்னு என்னையும் எம்பொண்ணையும் தவிர யாருக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சும், அவன் கத்தினப்போ நானும் வாயப் பாத்துக்கினுதான் நின்னேன். அந்தப் பாடத்த எங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்க சார்."

"நான் எழுதிக் குடுத்திருக்கேனே!"

"புள்ளைங்களுக்குத்தான சார் சொல்லித்தர மாட்டோம்னு எழுதினீங்க?" என்றார் காதர் பாய். "நாங்க இன்னா புள்ளைங்களா?"

நான் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காததில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல், சாவியை அவிழ்த்து, நானே பெட்டியை எடுத்துக்கொண்டு நாலாம் வகுப்புக்கு முன்னால் நடந்தேன்.

டீச்சர் ஏனென்று கேட்கவில்லை. பிள்ளைகளைச் சுவரோரம் நகர்ந்து உட்காரச் சொன்னார். ஆண்கள் பலகைகளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுண்ணாம்பும் சாயமும் தின்ற கைகள், நகமெல்லாம் பழுப்பு. அந்தக் கைகளோடு அவ்வளவு சின்னப் பட்டனை அழுத்த அவர்கள் கூச்சப்பட்டார்கள். முதலில் ஏழுமலை. பாட்டு ஓடியது. சுவரோரத்திலிருந்து கோட்டீஸ்வரி அலறினாள்.

"இன்னாம்மா?" என்று பதறித் திரும்பினார் ஏழுமலை.

வகுப்பே சிரித்தது. கோட்டீஸ்வரி சிரிக்கவில்லை. "கேக்கக் கூடாது நைனா. மொதல்ல நிறுத்தணும். மறுபடியும் பண்ணு" என்றாள். இரண்டாவது முறையும் திரும்பினார். மூன்றாவது முறைதான் விரல் முந்தியது. பிள்ளைகள் கை தட்டின. சாக்லேட்காரர் ஐந்து முறை தோற்றார். கைதட்டலும் சிரிப்புமாக, இத்தனை நாள் இல்லாத சத்தத்தில் பள்ளிக்கூடம் அதிர்ந்தது.

கடைசியாகக் காதர் பாய். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். விரலைப் பட்டனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவர், அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா" என்றார், தலையைத் தூக்காமல். "அந்தப் பன்னண்டு பேர்ல நானும் ஒருத்தன். நானும் இன்னா ஆச்சுன்னுதான் கேட்டேன்."

"தெரியும் பாய்" என்றார் டீச்சர்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்க நினைத்தாரோ என்னவோ, வாய் திறந்து மூடியது. டேனரிக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரே தெருதான். இருவரும் தினமும் எதிரெதிரே நடந்து போயிருக்கிறார்கள்.

"திரும்பி உக்காருங்க. கைய ரெடியா வைங்க" என்றார் டீச்சர்.

பாய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. கோட்டீஸ்வரி அலறுவதற்குத் தயாராக டீச்சரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளுக்கு ஜாடை காட்டவில்லை. எந்தப் பிள்ளைக்கும் காட்டவில்லை. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், தானே அலறினார்.

அது பாடத்துக்காகப் போட்ட சத்தம் இல்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

பாட்டு நின்றிருந்தது. காதர் பாய் பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. அழுத்தியபடியே, முதுகு குலுங்க உட்கார்ந்திருந்தார். டீச்சர் கரும்பலகையில் நெற்றியை வைத்து நின்றார். பிள்ளைகளும் ஆண்களுமாக அந்த அறையில் அத்தனை பேர் இருந்தோம். யாரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.